இருபத்து மூன்றாம் பக்கத்தின் கூலி

தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞானசௌந்தரி டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. அடுத்தவருக்காக எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பணி ஓய்வுக்கு வாழ்த்து மடல், கலெக்டருக்கு மனு, இறந்தவருக்கு நினைவு மலர் என்று எது கேட்டாலும் எழுதுவார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள நாலைந்து பேர் அவரிடம் வந்து போனார்கள். அதில் மூத்தவர் மாசிலாமணி.

மூத்தவர் என்றால் நிஜமாகவே மூத்தவர். டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. அவர் டீச்சர் என்று கூப்பிடுவார், இவர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் அது பழகிப் போயிருந்தது.

மாசிலாமணி நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் எடை குமாஸ்தாவாக இருந்தவர். ஒருநாள் மில்லைப் பூட்டினார்கள். பின்னாலேயே வாடகை வீடும் கைவிட்டுப் போனது. மனைவி பாக்கியத்தாயைச் சங்கரன்கோவிலில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏற்றி விட்டார். “ஒரு மாசத்துல கூப்பிட்டுக்கிடுதேன்” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பதினோரு மாசம் ஓடிவிட்டது. அவர் ஒரு லாட்ஜில் மூன்று பேரோடு ஒரே அறையில் கிடந்தார். அவள் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். “சாப்பிட்டீங்களா?” என்பாள். “மழை உண்டா அங்க?” என்பாள். வீடு பார்த்தாச்சா என்று மட்டும் ஒருநாளும் கேட்க மாட்டாள். அவள் கேட்காமல் விடுவதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இப்போது குளக்கரைத் தெருவில் ஒரு வீடு அமைந்திருந்தது. பன்னிரண்டாயிரம் முன்பணம். ஒண்ணாம் தேதி வரைக்கும் வீட்டுக்காரர் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் நாலே நாள்.

அன்றைக்குக் காலையில் மாடிப்படி ஏறி வந்தவர் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“மரக்கடைப் பணம் வந்துட்டா அண்ணாச்சி?”

“வரல டீச்சர்.”

“எத்தனை நடை போனீங்க?”

“மூணு.”

“மூணு நடையும் கேட்டீங்களா?”

“முத நடை கேட்டேன். மத்த ரெண்டு நடையும் டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.”

“டீ எப்படி?”

“இஞ்சி தட்டிப் போட்டது. நல்லாத்தான் இருந்தது.”

“அப்ப முழுசா நஷ்டம்னு சொல்ல முடியாது. வந்து உக்காருங்க.”

மாசிலாமணி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மரக்கடை கோமதிநாயகத்தின் அப்பா ஆவுடையப்பன் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. வருஷ நினைவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவர் வாழ்க்கையை எழுதி ஒரு மலர் போடவேண்டும் என்று கோமதிநாயகம் கேட்டிருந்தார். நாற்பது பக்கம், பக்கத்துக்கு நானூறு, ஆகப் பதினாறாயிரம். முன்பணமாக ஆயிரம் மட்டும் கைக்கு வந்தது. மிச்சம் பதினைந்தும் பாக்கி.

“என்ன காரணம் சொல்லிப் பணம் தர மாட்டேங்காரு?”

“பொய் எழுதியிருக்கீருங்காரு. பொய்க்கெல்லாம் கூலி கிடையாதாம்.”

“நாப்பது பக்கமுமா பொய்?”

“ஒரு பக்கம்.”

டீச்சர் இப்போதுதான் திரும்பினார்.

“அண்ணாச்சி, நீங்க எழுதினதை வாசிச்சுக் காட்டுனீங்களா, கையில கொடுத்துட்டு வந்தீங்களா?”

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்த முறை ஒன்று உண்டு. எழுதியதை ஆளுக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் நாமே வாசித்துக் காட்ட வேண்டும். மாற்றச் சொன்னால் அங்கேயே மாற்ற வேண்டும். தாளைக் கையில் கொடுப்பது பாக்கி வந்த பிறகுதான். இத்தனை வருஷத்தில் டீச்சருக்கு யாரும் பாக்கி வைத்ததில்லை என்றால் அதற்கு இந்த முறைதான் காரணம்.

“இருபத்திரண்டாம் பக்கம் வரைக்கும் வாசிச்சேன் டீச்சர். அதுக்கு மேல தொண்டை கட்டிக்கிட்டு.”

“சளியா?”

“இல்ல.”

டீச்சர் அதற்குமேல் சளியைப் பற்றிக் கேட்கவில்லை.

“அதனால மிச்சத்தை நீங்களே பாத்துக்கிடுங்கன்னு கட்டோட கொடுத்துட்டு வந்துட்டேன்.”

“இருபத்து மூணுல என்ன இருக்கு?”

மாசிலாமணி ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு தாளைப் பார்த்து வாசிக்கிற மாதிரியே சொன்னார்.

“சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல்ல இருந்து பையன் பஸ்ஸுல வந்து இறங்குவான். அப்பா அதுக்கு முன்னாலயே வந்து நிப்பாரு. வந்துட்டியான்னு கேக்க மாட்டாரு. பையன் கையில இருக்கிற டிரங்குப் பெட்டியை வாங்கித் தோள்ல வச்சுக்கிட்டு முன்னால நடப்பாரு. தெரு திரும்புத இடத்துல மட்டும் நின்னு, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாப்பாரு. பையன் பின்னால வாரானான்னு. அப்புறம் நடந்துருவாரு. அவ்வளவுதான் டீச்சர்.”

“இதை யாரு சொன்னது? கோமதிநாயகமா, அவரு தம்பியா?”

“யாரும் சொல்லல. அப்பாவைப் பத்திச் சொல்லுங்கன்னா, நல்லவரு, உழைப்பாளின்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாக்காங்க. வேலையாளுங்க, பழைய வண்டிக்காரரு, அத்தைமாருன்னு கேட்டுக் கேட்டு முப்பத்தொன்பது பக்கம் சேத்துட்டேன். இருபத்து மூணு மட்டும் தானா வந்துட்டு.”

“தானா வந்துட்டு.”

“ஆமா டீச்சர். அவரு பொய்யின்னு சொன்ன முத நடையிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. பொய்தானே எழுதியிருக்கோம், எந்த முகத்தோட பணம் கேக்கன்னு இருக்கு. அதான் டீயைக் குடிச்சிட்டு வந்துருதேன். என்ன செய்யட்டும்?”

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

“மில்லுல பஞ்சுப் பொதி வரும்லா. அதுக்குள்ள கல்லு கிடந்தா என்ன செய்வீங்க?”

“கல்லை எடுத்து எடை போட்டுக் கழிச்சிட்டு, மிச்சத்துக்கு ரசீது போடுவோம்.”

“ஒரு கல்லு கிடந்ததுன்னு பொதி மொத்தத்துக்கும் விலை இல்லைன்னு சொல்லிருதீங்களா?”

“அது எப்படி டீச்சர். பஞ்சு பஞ்சுதானே.”

“கழிச்ச கல்லை?”

“கொண்டுவந்தவன் கையிலயே கொடுத்துரணும். நமக்குத் தேவையில்லாட்டாலும் கொடுத்துரணும். விலை கொடுக்காததை மில்லு வச்சுக்கிடக் கூடாதுன்னு மேனேஜர் ரொம்பக் கறாரு.”

“பிறகென்ன. போயிட்டு வாங்க.”

“அவ்வளவுதானா?”

“இருபத்தெட்டு வருஷம் செஞ்ச வேலையை நான் என்னத்தைச் சொல்லித்தர.”

மரக்கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் கணக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். வாய்க்குள் வெற்றிலை. மாசிலாமணியைக் கண்டதும் டீக்கு ஆள் அனுப்பக் கையைத் தூக்கினார்.

“டீ வேண்டாம் முதலாளி. பணத்துக்குத்தான் வந்தேன்.”

“அதான் சொன்னேனே அய்யா. எங்கப்பா செய்யாததை எழுதிட்டு…”

“அந்தப் பக்கத்தைக் கழிச்சிருங்க. நானூறு ரூபா. மிச்சம் பதினாலாயிரத்து அறுநூறு கொடுத்துட்டு, கழிச்ச பக்கத்தை என் கையில கொடுத்துருங்க. மில்லுல அதுதான் முறை.”

கோமதிநாயகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து தாள் கட்டை எடுத்தார். மேல் தாள்கள் மடங்காமல் புதுசாக இருந்தன. நடுவில் ஒரு தாள் மட்டும் ஓரம் சுருண்டு, விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. அதில் ஒரு மூலையில் வெற்றிலைச் சாறுகூடத் தெரிந்தது.

அவர் அந்தத் தாளை உருவப் போனார். உருவவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“இது எந்த பஸ் ஸ்டாண்டு?”

“பழைய பஸ் ஸ்டாண்டுதான்.”

“நானும் ஹாஸ்டல்ல இருந்து சனிக்கிழமை அங்கதான் இறங்குவேன். எங்கப்பா இங்க மரம் அறுத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு தடவைகூட வந்ததில்ல. உமக்கு யாரு சொன்னா, நான் பெட்டி தூக்கிக்கிட்டு வந்ததை?”

“யாரும் சொல்லல முதலாளி.”

“அப்ப இது உங்க அப்பாவா?”

“நான் வயித்துல இருக்கும்போது பம்பாய்க்குப் போனவரு எங்கப்பா. போனவரு போனவருதான். நான் போட்டோவுலகூடப் பாத்ததில்ல.”

ரம்பம் நின்றது. ஆள் யாரோ அடுத்த தடியைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

“பின்ன இவரு யாருய்யா?”

“தெரியல முதலாளி. நானும் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினா, மத்த பையங்களோட அப்பாமாரையே பாத்துக்கிட்டு நிப்பேன். அதுல யாராவது ஒருத்தரா இருக்கும்.”

கோமதிநாயகம் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தார். இரும்புப் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணி மேசையில் வைத்தார்.

“பதினைஞ்சு இருக்கு. கழிக்கல. பக்கம் இருக்கட்டும். அப்படியே அச்சுக்குப் போகட்டும்.”

மாசிலாமணி பணத்தை எடுத்தார். மில் பழக்கத்தில் இரண்டு தடவை எண்ணினார். அதிலிருந்து நானூறை எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தார்.

“இது மட்டும் வேண்டாம் முதலாளி.”

“ஏன்?”

“வேண்டாம்.”

கடையை விட்டு வெளியே வந்ததும் போனை எடுத்தார். அன்றைக்கு அவள் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“பாக்கியம், குளக்கரைத் தெருவுல வீடு. முன்பணத்தை இன்னைக்குக் கொடுத்துருவேன். துணிமணியை எடுத்து வை.”

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

“எடுத்து வச்சுத்தான் இருக்கு” என்றாள் பாக்கியத்தாய். “வந்த அன்னையில இருந்து பெட்டியை நான் பிரிக்கவே இல்ல.”

அவர் தெருவோரம் ஒரு லாரி நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்.

மாடி ஏறியபோது டீச்சர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“முகத்தைப் பாத்தாலே தெரியுது. எவ்வளவு?”

“பதினாலாயிரத்து அறுநூறு.”

“பக்கத்தைக் கொடுத்துட்டாரா?”

“இல்ல டீச்சர். அதை அவரு விடல. பதினைஞ்சும் எடுத்து வச்சாரு. நான்தான் நானூறை மேசையிலயே வச்சிட்டு வந்தேன்.”

டீச்சர் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்.

“ஏன்?”

“அதுக்குக் கூலி வாங்க மனசு வரல.”

சொல்லிவிட்டு மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். முறையைத் தவறவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும், இந்த ஒரு காரியத்துக்காவது டீச்சர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தார்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“போய் வாங்கிட்டு வாங்க.”

“நானூறு ரூபாதானே டீச்சர்.”

“நானூறு ரூபாதான்.”

“மத்த பக்கமெல்லாம் ஊரைக் கேட்டு எழுதினது. அதுக்குக் கூலி சரி. அது அப்படி இல்ல. அது என்னோடது.”

“அதைத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. நானூறை வாங்காதவரைக்கும் பெட்டி தூக்கினவரு உங்க அப்பாதான். வாங்கினாத்தான் மரக்கடைக்காரருக்கு அப்பா ஆவாரு.”

மாசிலாமணியின் கை பையைத் தேடியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஒவ்வொரு தாளாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

“இப்பவே போகணுமா டீச்சர்?” என்றார். 

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கடை அடைக்க ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் அவரை நீங்க வச்சுக்கிடுங்க.”