வெந்த கோழிக்குள் போன கம்பி

மார்ச் 8, சனிக்கிழமை. காலை பத்தேகால் மணி. கோழி ஒன்று. கொண்டுவந்தவர் இன்னாசி மச்சாது.

"எழுபத்தி நாலு காட்டிச்சு டீச்சர்" என்றார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. "அப்புறம் எப்படி அவளுக்கு அப்படி ஆச்சு?"

ஜுலைகா கோழிப் பையை வாங்கி மேடைமேல் வைத்தார்.

தூத்துக்குடியில் ஒரு மாடி வீடு அது. ஜுலைகா சனிக்கிழமைகளில் அங்கே சமையல் சொல்லிக்கொடுக்கிறார். வயது முப்பத்தெட்டு. இன்னாசிக்கு அறுபத்து மூன்று. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இளையவரை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்குச் சங்கடம் ஏதும் இல்லை. வேறு வழியும் இல்லை.

அவருடைய மனைவி ரெஜினாவுக்கு இரண்டு வருடம் முன்பு சிறுநீரகம் மாற்றி வைத்தார்கள். புதியதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். மற்றவர்களுக்கு ஒருநாள் வயிற்றுவலி என்றால், ரெஜினாவுக்கு அது ஆஸ்பத்திரி.

கோழி சாப்பிடலாம், ஆனால் உள்ளே நடுச்சதை எழுபத்து நாலு டிகிரி வரை வெந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னாசி அதற்கென்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார். பேனா அளவு. ஒரு முனையில் எண் காட்டும் தலை. மறுமுனையில் மெல்லிய எஃகுக் கம்பி. கம்பியைக் கறிக்குள் செருகினால் உள்சூடு தெரியும்.

பிப்ரவரியில் முழுக்கோழி ரோஸ்ட் செய்தார். எழுபத்து நாலு காட்டியது. ரெஜினா சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் கிடந்தார்.

எதனால் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. கறி வெந்தால் மட்டும் போதாது, செய்கிற முறையையும் பாருங்கள் என்றார்.

இப்போது ரெஜினா ஈஸ்டருக்குக் கோழி ரோஸ்ட் கேட்கிறார்.

"வேற ஆள வச்சுப் பண்ணுவோம்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கா" என்றார் இன்னாசி. "நீங்க பண்ணுங்க, நான் சாப்பிடுதேன்ங்கா. அதுதான் டீச்சர் பயமா இருக்கு."

"பண்ணிக் காட்டுங்க."

"யாரு தின்னு பாக்கது? எனக்குத் தவக்காலம். உங்களுக்கு நோன்பு."

"நல்லதாப் போச்சு. ருசியில ஏமாற மாட்டோம்."

"பாய் கடையில வாங்கின கோழிதான்."

"நான் கேக்கலையே அண்ணாச்சி."

"சொல்லி வச்சேன்."

கழுத்தையும் ஈரலையும் தனியே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, இன்னாசி கோழிக்கு மசாலா தடவி ஓவனுக்குள் வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, தொடையின் தடித்த இடத்தில் கம்பியைச் செருகினார். ஐம்பத்தெட்டு.

"வேகல" என்றார். தோளில் கிடந்த துண்டால் கம்பியைத் துடைத்தார். அழுத்தி, இரண்டு தடவை. கோழியை மறுபடி உள்ளே தள்ளினார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி செருகினார். எழுபத்தைந்து.

"பாத்தியளா? இதையேதான் அன்னைக்கும் பண்ணினேன். எங்க தப்பு?"

ஜுலைகா துண்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ரயில்ல எல்லார்கிட்டயும் டிக்கெட் கேட்டிய."

"ஆமா."

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"என்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நான்தானே செக் பண்ணுத ஆளு."

ஜுலைகா ஒரு முட்டையை எடுத்து வேகவைத்தார்.

வெந்ததும் உரித்துத் தட்டில் வைத்தார். கிண்ணத்தில் இருந்த பச்சை ஈரலின் மேல் சிவப்புக் கேசரிப் பவுடரைக் கொட்டிப் பிசறினார்.

"இதுல ஒரு குத்து குத்துங்க."

இன்னாசி கம்பியால் குத்தினார்.

"துடைங்க. உங்க வழக்கப்படி."

துண்டால் துடைத்தார்.

"இப்ப முட்டை. எவ்வளவு காட்டுது?"

"அறுபத்தாறு."

ஜுலைகா கத்தியால் முட்டையை இரண்டாக வகுந்தார். வெள்ளைக்குள் ஒரு சிவப்புக் கோடு. நூல் அளவுதான். மேலிருந்து நடுவரை நேராக இறங்கியிருந்தது.

இன்னாசி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து விரித்தார். அதிலும் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் மஞ்சளாகச் சில பழைய கோடுகள்.

"அன்னைக்கும் ரெண்டு மட்டம் குத்தினேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வேகாததுல ஒண்ணு. வெந்ததுல ஒண்ணு."

"தண்ணி குடிக்கியளா அண்ணாச்சி?"

"வேண்டாம்."

கோழியை ஜுலைகா மறுபடி ஓவனில் வைத்து நன்றாக வேகவிட்டார். கீழ்வீட்டுப் பூனைகளுக்கு அன்று பெருநாள்.

*

அடுத்த சனிக்கிழமை இன்னாசி கோழி இல்லாமல் வந்தார்.

"செத்துப் போச்சு டீச்சர்."

தெர்மாமீட்டரை நீட்டினார். எண் தெரிய வேண்டிய கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் நின்றது.

"என்ன பண்ணினிய?"

"சுத்தமா இருக்கட்டும்னு இட்லிக் கொப்பரையில வச்சேன். பத்து நிமிஷம் ஆவி. பிள்ளையளுக்குப் பால் பாட்டில அப்படித்தானே அவிக்காங்க?"

"தலையோடயா?"

"தலையோடதான்."

"ரெஜினா அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"மூடியத் திறந்து பாத்தா. 'ஒரே ஒரு இட்லிதான் ஊத்தியிருக்கிய, இதுக்குச் சட்னி வேற அரைக்கணுமா'ன்னு கேட்டா."

ஜுலைகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இன்னாசி காத்திருந்தார்.

"சிரிச்சு முடிங்க."

"முடிச்சாச்சு."

"இப்ப சொல்லுங்க. கழுவலைன்னா அழுக்கு. கழுவினா சாவு. நான் என்னதான் செய்ய?"

"சளி பிடிச்ச மனுசன் எப்படிக் குளிப்பான் அண்ணாச்சி?"

"மேலுக்கு மட்டும் ஊத்திக்கிடுவான். தலைக்கு ஊத்த மாட்டான்."

ஜுலைகா செத்த தெர்மாமீட்டரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வகுப்பு அவ்வளவுதான். இன்னாசி படியிறங்கி, நேராகக் கடைக்குப் போய்ப் புதியது ஒன்று வாங்கினார்.

*

மார்ச் 22. மறுபடி சனிக்கிழமை. இன்னாசி கோழியோடும் புதிய தெர்மாமீட்டரோடும் வந்தார். தோளில் துண்டு இல்லை.

தொடங்கும் முன்பே கம்பியைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினார். தலையில் ஒரு சொட்டு படவில்லை. ஈரத்துணியை இறுகப் பிழிந்து தலையை மட்டும் ஒற்றி எடுத்தார். ஜுலைகா சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குத்து. அறுபத்தொன்று. கோழி உள்ளே போனது. மறுபடி சுடுதண்ணீர், மறுபடி சோப்பு. காகிதத்தால் துடைத்தார். பிளாஸ்டிக் உறையை மாட்டினார். உறையில் பேனாவுக்கு இருப்பதுபோல ஒரு கிளிப் உண்டு. அப்படியே சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த இடத்தில் பேனா இருந்தது.

அரை மணி நேரம் கழிந்தது. பையிலிருந்து எடுத்தார். உறையைக் கழற்றி மறுபடி பைக்குள் போட்டார். செருகினார். எழுபத்தாறு.

ஜுலைகாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய."

"ம்."

"நல்லா இருக்குன்னாவது சொல்லுங்க. இல்லைன்னாவது சொல்லுங்க."

ஜுலைகா மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

இன்னாசிக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் எழுந்து நின்றுவிடுவார். நின்றார்.

"துண்டு எடுத்துட்டு வரல. தலைக்கு ஊத்தல. சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. இன்னும் என்ன டீச்சர்? ஈஸ்டருக்கு ஒரு மாசம்கூட இல்ல. எனக்கு இது வராதுன்னா நேரா சொல்லிருங்க. அவகிட்டப் போய், கத்தரிக்காய் தின்னுட்டுக் கிடன்னு நானும் சொல்லிருதேன்."

ஜுலைகா அவர் முடிக்கும்வரை இருந்தார்.

"அக்காவுக்கு இன்சுலின் யாரு போடுதா?"

சிறுநீரகம் மாற்றியபின் ரெஜினாவுக்குச் சர்க்கரையும் வந்திருந்தது.

"நான்தான். வேற யாரு?"

"எப்படிப் போடுதிய?"

"எப்படின்னா? கையக் கழுவுவேன். புது ஊசி மாட்டுவேன். ஸ்பிரிட் பாக்கெட்டக் கிழிச்சுப் போடுத இடத்தத் துடைப்பேன். காயுத வரைக்கும் சும்மா நிப்பேன். அப்புறம் போடுவேன்."

"அக்கா குளிச்சுட்டுத்தானே இருக்காவ? ஸ்பிரிட் எதுக்கு?"

"குளிச்சா அழுக்குப் போகும். கிருமி போயிருச்சுன்னு யாரு சொன்னா?"

"புது ஊசிய முன்கூட்டியே மாட்டிச் சட்டைப் பையில வச்சுக்கிடலாம்லா? வேலை மிச்சம்."

"என்ன பேச்சு டீச்சர் இது? சட்டைப் பையில கைக்குட்டை கெடக்கு, சில்லறை கெடக்கு, பஸ் டிக்கெட் கெடக்கு. அதுக்குள்ள கெடந்தத எடுத்து அவ உடம்புக்குள்ள..."

நிறுத்தினார்.

வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உறையை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் ஈரம். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தூசி, ஒரு கைக்குட்டை நூல்.

ஜுலைகா மேடையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்னச் சதுர பாக்கெட்டுகள். மருந்துக்கடையில் ரெஜினாவுக்கு வாங்குகிற அதே பாக்கெட்டுகள். திறந்தபடியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

இன்னாசி கோழியை மறுபடி ஓவனுக்குள் வைத்தார்.

உறையைச் சோப்புப் போட்டு உள்ளும் புறமும் கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தார். கம்பியைக் கழுவினார். கையையும் கழுவினார். ஒரு பாக்கெட்டைக் கிழித்து, உள்ளிருந்த ஸ்பிரிட் துணியால் கம்பியைக் கழுத்திலிருந்து முனைவரை துடைத்தார். அதை எங்கும் வைக்காமல், தலையைப் பிடித்துக்கொண்டு, காயும்வரை சும்மா நின்றார். எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. வீட்டில் எவ்வளவு நேரம் நிற்பாரோ அவ்வளவு நேரம் நின்றார்.

ஓவனைத் திறந்து செருகினார். எண்பத்திரண்டு.

"கொஞ்சம் வறண்டிருக்கும்" என்றார்.

"இருக்கட்டும்."

ஜுலைகா உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்துவந்தார். கோழியில் ஒரு தொடையை வெட்டி உள்ளே வைத்து மூடினார்.

"பூனைக்கா?" என்று கேட்டார் இன்னாசி.

"சாயங்காலம் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்க."

இன்னாசி திரும்பிக் குழாயடிக்குப் போய்க் கம்பியை மறுபடி கழுவினார்.

அன்று மாலை ஆறே முக்காலுக்கு அவருடைய போனுக்கு ஜுலைகாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டே சொல். "உப்பு கூடுதல்."

அதை அவர் ரெஜினாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

*

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. ரெஜினா ஒரு தொடையும் நெஞ்சுக்கறியில் இரண்டு துண்டும் சாப்பிட்டார்.

ஏப்ரல் 23, புதன்கிழமை, மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்கு ரெஜினா இட்லிக்குச் சட்னி கேட்டார்.