மூழ்கிய இலையும் மிதந்த இலைகளும்

ஐந்து கரை ஏரியில் அல்லி என்றொரு கானாங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் கூடு கோரைப்புல்லுக்கு நடுவே, தண்ணீரை ஒட்டினாற்போல இருந்தது. தண்ணீர் ஒரு சாண் ஏறினால் போதும், முட்டைகள் மிதந்து போய்விடும்.

ஒருநாள் காலை, தவளைத் தலைவன் தம்பட்டன் கரையோரக் கல்லில் ஏறி அறிவித்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க. ஓரத்துக் குட்டையெல்லாம் காயுது. நம்ம தலைப்பிரட்டைங்க தவிக்குது. தேர்தல் முடிஞ்ச மறுநாளே, தண்ணி வெளியே போற கலிங்கைக் களிமண் வச்சு அடைச்சிடுவோம். ஏரி தன்னால ஏறிடும்!”

தவளைகள் ஆரவாரம் செய்தன. அல்லி தன் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது.

தேர்தலில் தவளைகள்தாம் ஜெயிக்கும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஏரியில் போட்டியிடுகிறவர்கள் கரைக்குக் கரை ஒரு தாமரை இலையை மிதக்கவிடுவார்கள். கரையில் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்தவரின் இலையில் ஆளுக்கொரு கூழாங்கல் வைப்பார்கள். எந்த இலை முதலில் மூழ்குகிறதோ, அந்த இலைக்காரர் சபைக்குப் போவார். மற்ற இலைகளில் இருக்கும் கற்களைச் சேற்றில் கவிழ்த்துவிடுவார்கள். ஐந்து கரைக்கு ஐந்து உறுப்பினர். எல்லாக் கரையிலும் தவளைகளும் அவற்றின் உறவான தேரைகளும் அதிகம். அதனால் ஐந்து பேருமே தவளைகள்.

அல்லி கூச்ச சுபாவம் உள்ளது. கூட்டத்தில் வாயே திறக்காது. ஆனாலும் அன்று தயங்கித் தயங்கித் தம்பட்டனிடம் போயிற்று.

“அண்ணே, முட்டை பொரியற வரைக்கும் கலிங்கை அடைக்காம இருக்க முடியுமா?”

“போன தேர்தல்ல யாருக்குக் கல்லு வச்சே?” என்றது தம்பட்டன்.

“ஆமைக்கு.”

“அப்ப ஆமைகிட்டயே போய்க் கேளும்மா.”

ஆமையின் பெயர் பாறையன். கானாங்கோழி, நண்டு, மீன் எல்லாம் அதற்குத்தான் கல் வைக்கும். ஐந்து கரையிலும் அதற்குக் கற்கள் விழும். ஐந்து கரையிலும் அவை சேற்றுக்குத்தான் போகும்.

அல்லி சொன்னதைப் பாறையன் தலையை நீட்டிக் கேட்டது. பிறகு, “தப்பு தம்பட்டன் மேல இல்ல, எண்ணுற விதத்துல இருக்கு. நாளைக்கே சபையைக் கூட்டச் சொல்றேன்” என்றது.

மறுநாள் ஏரியே கூடியது. பாறையன் நிதானமாகச் சொன்னது. “கரைக்குக் கரை எண்ண வேண்டாம். எல்லாக் கரைக் கல்லையும் ஒண்ணாக் குவிப்போம். குவியலை அஞ்சு பங்காக்குவோம். யாருக்கு எத்தனை பங்கு கல் விழுந்திருக்கோ, அத்தனை இடம். ஒரு கல்லும் சேத்துக்குப் போகாது.”

“அப்ப எங்களுக்கும் ஒரு இடம்” என்றது நத்தை.

“உங்க கல்லு மொத்தத்தையும் வச்சா இலையே நனையாது” என்றது நண்டு. கூட்டம் சிரித்தது.

தம்பட்டன் தொண்டையைச் செருமியது. “இப்ப நம்ம கரைக்கு ஒரு ஆள் இருக்கான். ராத்திரி கூப்பிட்டாலும் வந்து நிப்பான். அவர் சொல்ற மாதிரி செஞ்சா எந்தக் கரைக்கு யார் பொறுப்பு? போன மழைக்குத் தண்ணிப்பாம்பு வந்துச்சு. அஞ்சு பேரும் ஒரே பேச்சாப் பேசி அன்னைக்கே விரட்டினோம். சபையில ஆளுக்கொரு திசையா இழுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? பாறையண்ணன் பேசி முடிக்கறதுக்குள்ள பாம்பு சாப்பிட்டுத் தூங்கியே இருக்கும்.”

மீன்கள்கூடச் சிரித்துவிட்டன. அதிலும் நியாயம் இருக்கிறதே என்று அல்லிக்குத் தோன்றியது. அதுதான் அதை இன்னும் கலவரப்படுத்தியது. விதியை மாற்றும் அதிகாரமும் அந்த ஐந்து தவளைகளிடமே இருந்தது. அவை ஏன் மாற்றப்போகின்றன?

அப்போது ஒற்றைக்காலில் நின்றிருந்த கிழட்டுக் கொக்கு பேசியது.

“தம்பட்டன் தம்பி சொல்றதுதான் சரி. காலங்காலமா இருக்கற முறை. அதுல எதுக்குக் கைவைக்கணும்?”

தவளைகள் தலையாட்டின. அல்லி மட்டும் கொக்கையே பார்த்தது. கொக்குகளுக்கு இதுவரை ஓர் இடமும் கிடைத்ததில்லை. பிறகு ஏன் இந்த முறை மேல் இத்தனை பாசம்?

அல்லி கரைகளைப் பார்த்தது. ஐந்து கரை மரங்களிலும் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். போன ஆண்டு இத்தனை இல்லை. ஏரிவாசிகளைத் தின்னக் கூடாது என்று சபை சட்டம் போட்டிருந்ததால் அவை இரைக்கு வயலுக்குப் போய்வந்தன. சட்டம் போட்ட சபையால் அதை நீக்கவும் முடியும். அல்லி ஓரடி முன்னால் வந்தது.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றது. குரல் எழும்பவே இல்லை. பாறையன், “கொஞ்சம் அமைதியா இருங்க” என்றது.

“தேரைங்க நேத்து கோரை ஓரமா தனியா தாமரை இலை பறிச்சிட்டிருந்தாங்க. அது எதுக்கு?”

தேரைக் கூட்டத்தில் ஒன்று முறைப்பாகச் சொன்னது. “இந்தத் தடவை எங்களுக்குத் தனி இலை. நல்ல குட்டையெல்லாம் தவளைக் குஞ்சுங்களுக்கு, காயற குட்டை எங்க குஞ்சுங்களுக்கா?”

“சரி, பிரிஞ்சு போங்க. உங்களால எங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று கேலி செய்தது தம்பட்டன்.

“அண்ணே, உங்க கல்லு ரெண்டு இலைக்குப் பிரிஞ்சா, எந்த இலை முதல்ல மூழ்கும்?” என்றது அல்லி.

தம்பட்டன் கரைகளைத் திரும்பிப் பார்த்தது. அதன் பார்வை முதல் கரைக்குப் போயிற்று. அடுத்த கரைக்குப் போயிற்று. ஐந்தாவது கரை வரை மரமெல்லாம் கொக்குகள். கிழட்டுக் கொக்கு நிதானமாகக் காலை மாற்றி நின்றது.

“அஞ்சு இடமும் கொக்குக்கா?” என்று முனகியது ஒரு தவளை.

“குவிச்சு எண்ணினா?” என்றது தம்பட்டன், பாறையனிடம்.

“ரெண்டு போகலாம். அஞ்சும் போகாது.”

ஐந்து தவளைகளும் அந்த இடத்திலேயே விதியை மாற்றின.

தேர்தல் நடந்தது. கற்களைக் குவித்து எண்ணினார்கள். கொக்குக்கு இரண்டு, தவளைக்கு ஒன்று, தேரைக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று. பழைய முறைப்படி எந்த இலை முதலில் மூழ்கியது என்றும் பார்த்தார்கள். ஐந்து கரையிலும் கொக்கின் இலை.

புதுச் சபையில் கிழட்டுக் கொக்கு முதல் வேலையாகத் தின்னக் கூடாது என்ற சட்டத்தை நீக்கச் சொன்னது. நீக்க வேண்டும் என்று இருவர், கூடாது என்று மூவர். சட்டம் நின்றது.

அடுத்துக் கலிங்கு. பொழுது சாயும் வரை வாதம் ஓயவில்லை. தவளையும் தேரையும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. கூட்டில் இருந்த அல்லி ஒவ்வொரு சத்தத்துக்கும் சிறகை இறுக்கிக்கொண்டது. கடைசியில் பாறையன் ஒரு வழி சொன்னது. ஏரியிலிருந்து குட்டைகளுக்கு நண்டுகள் வாய்க்கால் தோண்டட்டும், குஞ்சுகள் பொரிந்த பிறகு கலிங்கை அடைத்துக்கொள்ளலாம். ஆமையின் ஆதரவு இல்லாமல் தின்னக் கூடாது என்ற சட்டம் நின்றிருக்காது என்று தம்பட்டனுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டது. தேரையும் தன் குட்டைக்கு முதல் வாய்க்கால் என்றதும் ஒப்புக்கொண்டது.

சில நாட்களில் கோரைக்குள்ளிருந்து கறுப்புப் பஞ்சு உருண்டைகள்போலக் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கின. அல்லி அவற்றுக்கு முன்னால் நீந்தியது. மரத்தில் இருந்த கொக்குகள் மேல் அதன் ஒரு கண் இருந்தது.

இன்று தோற்றவருக்கு இடம் வைக்கும் சபைதான், நாளை தோற்கப்போகும் நமக்கும் இடம் வைக்கும்.