இல்லையேலுக்கு ஜோடி இல்லாமல் போனது

அந்தக் காலத்தில் குறிகள் பேசும். குறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இணையப் பக்கம் எழுதுகிறவர்கள் இரண்டு கோண அடைப்புக்கு நடுவே ஒரு சொல்லைப் போட்டு வைக்கிறார்களே, அதுதான். இன்றைக்கு அவை வாயே திறப்பதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு பக்கமும் ஓர் ஊர், ஒவ்வொரு குறியும் ஓர் ஆள். பக்கத்தை அனுப்புகிற சர்வர் வேறு, அதைக் காட்டுகிற பிரௌசர் வேறு என்று வேலை பிரியாத காலம் அது. உலாவியார் என்ற ஒருவரே ஊரின் மேல்கோடியிலிருந்து கீழ்கோடி வரை நடந்து போய், கண்ணில் பட்டதை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மனிதர்களுக்குக் காட்டுவார்.

குறிகள் ஜோடியாகத்தான் வாழ்ந்தன. ஒருவர் வீட்டைத் திறந்து வைப்பார். அதே பெயருள்ள இன்னொருவர் தோளில், சாய்த்துப் போட்ட கோடு மாதிரி ஒரு சாய்கோலோடு வீட்டின் முடிவில் நிற்பார். அவருக்குக் கோல்காரர் என்று பெயர். இருவருக்கும் நடுவே இருப்பதெல்லாம் அவர்கள் வீடு. யாராவது கோல்காரரை நிறுத்த மறந்துவிட்டால்கூட உலாவியார் கோபித்துக்கொள்ள மாட்டார். இங்கேதான் முடிகிறது போலிருக்கிறது என்று தானே முடித்துக்கொண்டு நடப்பார்.

கடலோரத்து மக்கள் படகு விசாரிக்கிற பக்கம் ஒன்று இருந்தது. அதில் எனில் என்பவரின் வீடு முக்கியமானது. படகு கரை திரும்பியதா என்று கேட்டுப் பார்த்து, திரும்பியது எனில் அந்தச் சேதி தெரியும்படி கதவைத் திறப்பது அவர் வேலை. அந்த வீட்டின் நட்டநடுவில், ஜோடி இல்லாமல், இல்லையேல் என்ற ஒருத்தி நின்றாள். படகு வரவில்லை என்றால் மட்டும் அவளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வரிகளை உலாவியார் எடுத்துக் காட்டுவார். மற்ற நாளில் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டிருப்பவளை நல்லது கெட்டதுக்கு யார் கூப்பிடுவார்கள்? ஊரில் எல்லாரும் பொழுது சாய்ந்தால் தங்கள் கோல்காரரோடு வீட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சத்தம் போட்டுப் பேசுவார்கள். அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அது வலித்தது.

ஒருநாள் செம்மையார் என்று ஒருவர் ஊருக்கு வந்தார். இலக்கணம் கரைத்துக் குடித்தவர். சட்டை மடிப்பு கலையாமல் நிற்கிற ஆள். திறந்த வீடு எல்லாம் மூடியாக வேண்டும், ஒரு வீட்டுக்குள் இருக்கும் எதுவும் அந்த வீட்டுக்கே சொந்தம், விதிவிலக்கு யாருக்கும் கிடையாது என்று சட்டம் போட்டார். இதுவரை நன்றாகத்தானே ஓடுகிறது என்று உலாவியார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க மன்னிச்சு மன்னிச்சுத்தான் ஊர் இந்த லட்சணத்துல இருக்கு" என்றார் செம்மையார்.

இல்லையேலிடம் வந்தபோது அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அவளே தோளில் கோலைச் சாய்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தால், எனக்குள் எதுவும் இல்லை, நான் வெறும் கூடு என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பின்னால் இருக்கும் இரண்டு வரிகளைப் பிள்ளைகள்போல வைத்திருந்தவள் அதற்குச் சம்மதிக்கவில்லை. அப்படியானால் ஜோடி சேர்ந்துதான் ஆகவேண்டும் என்று, அவள் பெயரிலேயே ஒரு கோல்காரரைக் கொண்டுவந்து அந்த இரண்டு வரிகளின் முடிவில் நிறுத்தினார்.

சட்டம் என்று வந்தது, அவளுக்கு வரமாகிவிட்டது. மற்ற வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே பத்தி பத்தியாக எழுத்து. இவர்களுக்கு நடுவே இரண்டே வரி. சத்தம் போடாமல் பேசிக்கொள்ளலாம். அவர் சாது. பேச்சு குறைவு. ஆனால் அவள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பார். அவள் சிரிப்பதை அந்த ஊர் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டது.

அந்த ஐப்பசியில் காற்று கிளம்பியது. அமலோற்பவம் என்ற பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, தன் புருஷன் சூசை போன படகின் பெயரைச் சொன்னாள். எனில் விசாரித்தார். படகு திரும்பவில்லை. அவர் கதவைச் சாத்தினார். சாத்தினால் முழு வீடும் சாத்தியதுதான், புதுச் சட்டம் அப்படி. இல்லையேலும் ஜோடியும் இருந்தது அந்த வீட்டுக்குள் ஓர் அறையில். உலாவியார் காலடிச் சத்தம் சுவரை ஒட்டியே போய், நிற்காமல் கடந்துவிட்டது.

ஜன்னலில் வெறும் வெள்ளை. அமலோற்பவம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி அதே பெயரைச் சொன்னாள். மறுபடியும் வெள்ளைதான். உள்ளே இல்லையேல் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். சாத்திய வீட்டுக்குள்ளிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்?

வெளியே அந்தப் பெண் சொன்னது மட்டும் உள்ளே கேட்டது.

"இல்லேன்னாவது ஒரு வார்த்த சொல்லப்படாதா? அதுக்குக்கூட இங்க ஆளில்லையா?"

இல்லையேல் செம்மையாரைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். வேண்டுமானால் இருவரும் எனில் வீட்டுக்கு வெளியே போய்க் குடியிருங்கள் என்றார் அவர். வெளியே போனால் விசாரிக்க எனில் இருக்க மாட்டார். படகு வந்து சேர்ந்தவர்களிடமும் வரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாவம் வேண்டாம் என்று அவள் மறுத்துவிட்டாள். பழையபடி வீட்டின் நடுவே தனியாக நின்றால்தான் உண்டு. மூட ஒருவர் இருக்கும்வரை அவள் ஓர் அறை. மூட யாரும் இல்லாவிட்டால் அவள் ஒரு சுவர், வீட்டை முன்பாதி பின்பாதி என்று இரண்டாக்குகிற சுவர்.

இரண்டு வரிக்கு அப்பால் நின்றவரைப் பார்த்தாள்.

"நீங்க போயிருங்க" என்றாள்.

"எங்க போவேன்? உன் பேருதான் என் பேரு. நீ இல்லாத இடத்துல நான் என்னத்த மூடுறது?"

"தெரியல. ஆனா அந்தப் பொம்பள வாசல்லயே நிக்கிறா."

அவர் கோலைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஊர் எல்லையைத் தாண்டிப் போனார். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார், அது அவளுக்குத் தெரியும்.

அமலோற்பவம் மறுபடி கேட்டாள். எனில் முன்பாதியைச் சாத்தினார். உலாவியார் நடந்து வந்து இல்லையேலிடம் நின்றார். கோல்காரர் இருந்த இடத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பின்பாதியைத் திறந்தார். ஜன்னலில் அந்த இரண்டு வரிகள் தெரிந்தன. படகு இன்னும் கரை வரவில்லை. தேடிப் போயிருக்கிறார்கள்.

அமலோற்பவம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேடிப் போனவர்களை எதிர்பார்த்துக் கரைக்கு நடந்தாள். செம்மையார் சட்டப் புத்தகத்தோடு ஓடிவந்து, ஜன்னல் வழியே அவள் போவதைப் பார்த்தார். புத்தகத்தை மூடிக்கொண்டு ஊரைவிட்டுப் போகும்போது அவர் இல்லையேல் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

அன்று முதல் மறுபடியும் இல்லையேல் ஜோடி இல்லாமல், எனிலின் வீட்டு நடுவே தனியாக நிற்கிறாள். அன்று முதல்தான், திறந்தவர் யாரென்றே தெரியாத கோல்காரர் ஒருவர் ஏதோ ஒரு பக்கத்தில் தட்டுப்பட்டால், உலாவியார் அவரை நிறுத்தி நீ யார் என்று கேட்பதில்லை. கேட்டால் அவர் அவள் பெயரைத்தான் சொல்வார்.