புடலங்குறிச்சியார் அட்ஜஸ்ட் பண்ணிய கல்யாணம்

புடலங்குறிச்சிக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர் வீரபாகு மதுரையில் நாலு நாள் தங்கிவிட்டு, ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடு திரும்பினார். அட்ஜஸ்ட்!

“பஸ்ஸுல இடமில்லையா, அட்ஜஸ்ட். சாம்பாருல உப்பு கூடிப்போச்சா, அட்ஜஸ்ட். சட்டையை இறுக்கித் தைச்சுட்டானா, அதுக்கும் அட்ஜஸ்ட்தான். இதைச் சொல்லிட்டா அங்க யாரும் மறுபேச்சு பேசுறதில்லைப்பா!”

ஊரே வாயைப் பிளந்தது. அன்றைக்கே கூட்டம் போட்டுத் தீர்மானம் பண்ணினார்கள். இந்த வார்த்தையை யார் சொன்னாலும் புடலங்குறிச்சியான் முடியாது என்று சொல்லக்கூடாது.

அப்புறம் வீரபாகுவின் அக்கா மகன் தொந்தியப்பனுக்குக் கல்யாணம் வந்தது. பாவம், அவருக்கு முப்பத்தெட்டு வயதில்தான் பொண்ணு அமைந்தது! பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். மாப்பிள்ளை, தாய்மாமன் வீரபாகு, உறவுக்காரர்கள் ஆறு பேர், எல்லாரும் வேனில் கிளம்பினார்கள். சீட்டு எட்டு, ஆளும் எட்டு.

வழியில் ஒரு நிறுத்தத்தில் சந்தைக்குப் போகிற ஏழு பேர் கைகாட்டினார்கள். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கய்யா.” மாப்பிள்ளையைத் தவிர ஏழு பேரும் இறங்கி இடம் கொடுத்தார்கள். கடைசியாக ஏறிய ஆள், “இந்த ஆட்டுக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றார்.

“ஆட்டுக்காக மாப்பிள்ளை இறங்கலாமா?” என்று ஒருவர் கவலைப்பட்டார்.

“கேட்டது ஆடு இல்லையே, ஆட்டுக்காரர்தானே?”

“அதானே! யார் கேட்டாலும்னுதான் தீர்மானம்.”

தொந்தியப்பன் இறங்கினார். டிரைவர் கண்ணாடியில் எட்டுத் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு வேன் கதவைத் திறந்தார்கள். முதலில் இறங்கியது ஆடு. பெண்ணின் அப்பா பதறிப்போய் பைக்கை எடுத்துக்கொண்டு வேன் வந்த வழியே பறந்தார்.

“ஏறுங்க மாப்பிள்ளை! பத்து நிமிஷம்தான் இருக்கு!” அந்த நிறுத்தத்துக்கு வந்ததும் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்னால் பார்க்காமலே கத்தினார்.

தொந்தியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

“தொந்தி,” என்றார் வீரபாகு, “முட்டி வலி உயிர் போகுதுடா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

தூக்கிய கால் தரைக்கு வந்தது. வீரபாகு ஏறினார். பைக் கிளம்பிவிட்டது.

“ஐயோ மாமா! பொண்ணு மணையில காத்துக்கிட்டிருக்குமே!” தொந்தியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தூரத்தில் வீரபாகு திரும்பிக் கையை ஆட்டினார்.

“கவலைப்படாதே மாப்ளே! நீ வர்ற வரைக்கும் நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்!”