குடுக்கைக்குள் ஆயிரம் சில்வண்டு

ஆவாரங்குட்டையின் கரையில் செங்கண்ணி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கூழாங்கல் தரையில் சின்னதாய் ஒரு பள்ளம் பறித்து அதிலேயே முட்டையிடும். முட்டையும் பார்ப்பதற்குக் கூழாங்கல் மாதிரியேதான் இருக்கும்.

செங்கண்ணியும் நான்கு முட்டை இட்டிருந்தாள். இட்ட இடம்தான் வம்பு. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் காட்டுக்குப் போகும் வழி. நட்டநடுவே அவள் பள்ளம்.

ஆனாலும் அவளுக்குப் பயமில்லை. அவளிடம் ஒரு குரல் இருந்தது!

அந்தியில் விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும். தூரத்தில் புல் அசைந்தாலே போதும். "சிறுத்தை! சிறுத்தை!" என்று காது கிழியக் கத்துவாள். உடனே எல்லோரும் இடது கரைமேல் ஏறி, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போய்விடுவார்கள். அந்தக் குட்டையின் வழக்கம் அது. முன்கூட்டியே தெரிந்தால் வரிசை. கடைசி நிமிடத்தில் தெரிந்தால் ஓட்டம். ஓட்டம் என்றால் நேரே கூழாங்கல் தரை மேலேதான். அப்புறம் முட்டையாவது ஒன்றாவது!

சில நாள் வெறும் காற்றுக்கும் கத்திவிடுவாள். யாராவது குறை சொன்னால் விடமாட்டாள்.

"சும்மா கத்தினா என் தொண்டைதான் போகும். கத்தாம விட்டா உங்க உசுரு போகும். எது பரவாயில்லை? பதில் சொல்லிட்டுப் போங்க!"

அதனாலேயே அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மதிவாணன் என்ற நரி, முதுகில் ஒரு பெரிய சுரைக்குடுக்கையைச் சுமந்துகொண்டு வந்தது. குடுக்கையில் சின்னஞ்சிறியதாய் இரண்டு ஓட்டை. கேள்வி கேட்பதற்கான ஒன்று தண்ணீரைப் பார்த்தது. மற்றொன்று கரையைப் பார்த்தது. உள்ளே ஆயிரம் சில்வண்டுகள்.

"நண்பர்களே! இது அறிவுக்குடுக்கை! எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆயிரம் மூளை சேர்ந்து ஒரே பதில் சொல்லும்! அதுவும் இலவசம்!" என்றது நரி.

"இலவசமா? அப்போ உனக்கு என்ன லாபம்?" என்று கேட்டாள் செங்கண்ணி.

"சமூக சேவை, தங்கச்சி!"

"சிறுத்தை தின்னு மிச்சம் வைக்கிற எலும்புதானே உன் சாப்பாடு? நீ எப்போ சேவையில இறங்கினே?"

"பழைய வாழ்க்கையைக் கிளறாதே! நான் இப்போது தொழில்நுட்பத்தில் இருக்கிறேன்!"

குட்டையின் தலைவர் எருமை ஏகாம்பரம். அவர் சேற்றிலிருந்து எழுந்து வந்து, தொண்டையைச் செருமி, முதல் கேள்வியைக் கேட்டார்.

"நான் குண்டாக இருக்கிறேனா, கம்பீரமாக இருக்கிறேனா?"

குடுக்கைக்குள் கொஞ்ச நேரம் 'கிர்ர்' என்றது. பிறகு தேன் ஒழுகும் குரலில் பதில் வந்தது.

"அருமையான கேள்வி, தலைவரே! நீங்கள் கம்பீரமாக இருக்கிறீர்கள்!"

ஏகாம்பரம் அன்றைக்கே விழுந்துவிட்டார். தலைவர் விழுந்தால் குட்டையே விழுந்த மாதிரிதான். அடுத்த நாளிலிருந்து குடுக்கைக்கு முன்னால் ஒரே கூட்டம்! எந்தக் காலில் நிற்பது என்று நாரை கேட்டது. எந்தப் பக்கம் தலைவைத்துத் தூங்கினால் காது வளரும் என்று முயல் முத்தழகு கேட்டான். "நான் இப்போது வீட்டில் இருக்கிறேனா?" என்று ஆமை கேட்டது. "அருமையான கேள்வி! இருக்கிறீர்கள்" என்று குடுக்கை சொன்னதும் ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரத்தில் ஒருநாள் நிஜமாகவே சிறுத்தை வந்தது. செங்கண்ணி வழக்கம்போலக் கத்தினாள். அவள் குரல் கரைப்பக்க ஓட்டை வழியாகக் குடுக்கைக்குள் போனது. உடனே குடுக்கையும் இனிமையாகச் சொன்னது: "அன்பர்களே, சிறுத்தை வருகிறது. இடது கரை வழியாகச் செல்லவும்."

எல்லோரும் வரிசையாகப் போய்த் தப்பினார்கள். திரும்பி வந்து யாரைப் பாராட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? குடுக்கையை!

"என்ன பண்பு! என்ன பணிவு! இந்த வாயாடி கத்தியதில் என் ஏப்பமே பாதியில் நின்றுவிட்டது" என்றார் ஏகாம்பரம்.

செங்கண்ணி விடவில்லை. "அது என் குரலைக் கேட்டுத்தான் சொல்லிச்சு! நான் சொன்னதை இனிப்புத் தடவித் திருப்பிச் சொல்றதுக்கு ஒரு குடுக்கையா?"

"பொறாமை!" என்றது நரி. "சரி, உன் குரலைத்தான் கேட்டது என்கிறாயா? இதோ!" என்று கரைப்பக்க ஓட்டையை மெழுகால் அடைத்தது. "இனி உன் இரைச்சல் உள்ளே போகாது. தலைவரே, இது மேம்பட்ட குடுக்கை! இரைச்சல் நீக்கப்பட்டது!"

கூட்டம் கைதட்டியது. முன்னங்கால் இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள்.

ஏகாம்பரம் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "செங்கண்ணி, உன் குரல் இனி தேவையில்லை. முட்டை பொரியும் வரை கரையில் இருந்துகொள். ஆனால் ஒரு தடவை கத்தினாலும் கரையை விட்டுத் துரத்தப்படுவாய்!"

கரையை விட்டுப் போவதென்றால் முட்டையை விட்டுப் போவதுதான். பாதிச்சூட்டில் இருக்கும் முட்டையை எங்கே தூக்கிக்கொண்டு போவது? செங்கண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு அந்தியிலும் குடுக்கை ஒரே பதிலைச் சொன்னது. "ஒன்றும் இல்லை. நிம்மதியாகக் குடியுங்கள்." நல்லவேளையாகச் சிறுத்தையும் அந்த நாட்களில் வேறு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா? ஒரு தவறுகூட இல்லை!" என்று நரி நெஞ்சை நிமிர்த்தியது.

கத்தக்கூடாது என்றுதானே தீர்ப்பு? வாதாடக்கூடாது என்று யார் சொன்னது? செங்கண்ணி ஓர் உருண்டைக் கல்லை உருட்டிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே வைத்தாள்.

"இந்தக் கல்லும் தினமும் 'ஒன்றும் இல்லை'ங்குது. வாயே திறக்கலை, பாருங்க! குடுக்கை எத்தனை தடவை சரியோ, கல்லும் அத்தனை தடவை சரி. சிறுத்தை வராத அன்னிக்கு வரலைன்னு சொல்ல எதுக்கு ஆயிரம் மூளை? ஒரு கல்லு போதாதா?"

அசத்திவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

முயல் முத்தழகு மெதுவாக முன்னால் வந்து கல்லை மூன்று தடவை சுற்றிப் பார்த்தான்.

"அட, ஆமாம்! இதுவும் சரியாத்தான் சொல்லுது. சத்தமும் இல்லை. இதுக்குத் தீனியும் போட வேண்டாம். குடுக்கையை விட இதுதான் உசத்தி!"

"டேய்! நான் சொன்னது அதுக்கில்லைடா!"

யார் கேட்டார்கள்? மறுநாள் முயல்கள் எல்லாம் கல்லுக்கு முன்னால் வரிசையில் நின்றன. கல்லுக்கு ஒரு பூமாலையும் விழுந்தது. "என் தொழிலைத் திருடிவிட்டார்கள்!" என்று நரி ஊளையிட்டது. குடுக்கைக்காரர்களும் கல்காரர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு தனித்தனியே தண்ணீர் குடித்தார்கள்.

"உனக்கு எதுக்கு இந்த வாதம் எல்லாம்?" என்றான் அவள் கணவன் அமுதன், முட்டை மேல் உட்கார்ந்தபடியே. "இருந்ததும் போய், இப்போ எதிரி ரெண்டாயிடுச்சு."

செங்கண்ணி அவனை எழுப்பிவிட்டுத் தானே முட்டை மேல் உட்கார்ந்தாள்.

ஓர் அந்தியில் முட்டைக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. குஞ்சுகள் முட்டையோட்டைத் தட்டத் தொடங்கிவிட்டன. அதே நேரத்தில் எதிர்ப்புறப் புல்லில் ஒரு கோடு நகர்ந்தது. காற்று ஒரு பக்கம் அடிக்க, புல் வேறு பக்கம் சாய்ந்தது. சிறுத்தை!

"கத்தாதே!" என்று கெஞ்சினான் அமுதன். "துரத்திடுவாங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான், குஞ்சு வந்துடும்!"

"கத்தலைன்னா கடைசியில எல்லாரும் ஓடுவாங்க. எது மேல ஓடுவாங்க? இது மேலதானே!"

அவள் வானில் எழுந்தாள். "சிறுத்தை! சிறுத்தை!"

ஏகாம்பரம் மூக்கில் தண்ணீர் சொட்டத் தலையை நிமிர்த்தினார். "தீர்ப்பை மீறிவிட்டாள்! நாளையே துரத்துங்கள் இவளை!"

"நாளைக்கு நீங்க இருந்தாத்தானே துரத்துவீங்க? அந்தப் புல்லைப் பாருங்க!"

"நாங்கள் எதற்குப் பார்க்க வேண்டும்? கேட்டுவிடுகிறோம்." அவர் குடுக்கையிடம் குனிந்தார். "சிறுத்தை இருக்கிறதா?"

"அருமையான கேள்வி! ஒன்றும் இல்லை. நிம்மதியாகக் குடியுங்கள்."

அதற்குள் சிறுத்தையின் தலையே புல்லுக்கு வெளியே வந்துவிட்டது. பூங்கொடி என்ற புள்ளிமான் தன் குட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். அது அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது.

"அப்போ அங்கே மஞ்சளா நிக்கிறது என்ன?" என்று குடுக்கையைக் கேட்டாள்.

"மிக நுட்பமான கேள்வி! அது ஆவாரம்பூவாக இருக்கலாம்."

"ஆவாரம்பூவுக்கு மீசை இருக்கே!"

"சில வகைகளுக்கு உண்டு."

சிறுத்தை அவசரப்படவில்லை. இவ்வளவு மரியாதையாக யாரும் அதற்காகக் காத்து நின்றதில்லை. அதன் பின்னால் புதரில் நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

இவர்களிடம் கத்திப் பயனில்லை என்று செங்கண்ணிக்குப் புரிந்தது. விர்ரென்று குடுக்கை மேல் இறங்கினாள். கரைப்பக்க மெழுகை அலகால் கொத்திப் பெயர்த்தாள்.

"சில்வண்டுகளா! சிறுத்தை நிக்குது, தெரியலையா?"

"எங்களுக்கு என்னக்கா தெரியும்? நாங்க இருட்டுக்குள்ள இருக்கோம்" என்றது ஒரு குரல். "கேட்டதைத் திருப்பிச் சொல்றோம். கொஞ்ச நாளா யாருமே சிறுத்தை வருதுன்னு சொல்லலையே!"

"நான் சொல்றேன்! சிறுத்தை! இடது கரை! சொல்லுங்க, சத்தமா!"

இந்தத் தடவை தேனும் ஒழுகவில்லை, அருமையான கேள்வியும் இல்லை. ஆயிரம் சில்வண்டுகளும் தொண்டை கிழியக் கத்தின: "சிறுத்தை! இடது கரை! சிறுத்தை!"

"குடுக்கையே சொல்லிவிட்டது! ஓடுங்கள், வரிசையாக ஓடுங்கள்!" என்று ஏகாம்பரம் முதல் ஆளாகக் கரையேறினார். அவர் பின்னால் மான்கள், மான்களுக்குப் பின்னால் நாரைகள். பூங்கொடியின் குட்டியும் தடுமாறித் தடுமாறி ஏறிவிட்டது.

முயல் முத்தழகு மட்டும் நகரவில்லை. அவன் கல்காரன் அல்லவா? "கல் ஒன்றும் சொல்லவில்லையே!" என்று நின்றான். சிறுத்தை பாய்ந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. வரிசையாவது வழக்கமாவது! கூழாங்கல் தரை மேல் நேராக ஒரே ஓட்டம்! அமுதன் இறக்கையை விரித்துத் தடுத்தும் முடியவில்லை. முயலின் பின்னங்கால் பள்ளத்தில் விழுந்தது. ஒரு முட்டை நசுங்கிப்போனது.

இரை தப்பிய கோபத்தில் சிறுத்தை புதரைப் பார்த்துத் திரும்பியது. "ஒருத்தனும் அசையமாட்டான்னு சொன்னியே!"

"அது... சின்னக் கோளாறு... அடுத்த குடுக்கையில் சரியாகிவிடும்..." என்றது நரி. சிறுத்தை ஓர் அறை விட்டது. அன்று காட்டுக்குள் ஓடிய நரியை அப்புறம் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

செங்கண்ணி கொத்தியதில் ஓட்டை பெரிதாகிவிட்டதால் சில்வண்டுகளும் ஒவ்வொன்றாகக் குதித்து வெளியே போய்விட்டன.

செங்கண்ணி பள்ளத்தருகே வந்து நின்றாள். மூன்று குஞ்சுகள் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தன. நான்காவது இடத்தில் ஓட்டுத் துண்டுகள். அந்தக் கல்லைக் கூட்டத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். அதை நினைத்தபோது அவளுக்குக் கத்தவும் தோன்றவில்லை, வாதாடவும் தோன்றவில்லை. ஓட்டுத் துண்டுகளை அலகால் எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

மறுநாள் அந்தியில் ஏகாம்பரம் பெருமையோடு குடுக்கையின் முன் நின்றார். "நேற்று எங்களைக் காப்பாற்றிய அறிவே! இன்று சிறுத்தை வருமா?"

வெறும் குடுக்கைக்குள் காற்று புகுந்து 'ஊ...' என்றது.

"இன்று ரொம்ப ஆழமாக யோசிக்கிறது" என்று அவர் மற்றவர்களிடம் ரகசியமாகச் சொன்னார். எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். செங்கண்ணியைத் துரத்தும் விஷயத்தையும் அதனிடமே கேட்டார்கள். அதற்கும் அது 'ஊ' என்றதால், முடிவு தள்ளிப்போனது.

பூங்கொடி மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, குட்டியோடு கூழாங்கல் தரைக்கு வந்தாள். பள்ளத்தை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு எப்படி? குடிக்கலாமா?"

"குடிடி. நான் பார்த்துக்கிறேன். ஆனா புல் அசைஞ்சாலே கத்துவேன். காது கிழியும்!"

"கிழியட்டும்கா" என்று சொல்லி, அவள் குனிந்து குடிக்கத் தொடங்கினாள்.

கண்விழித்துக் காப்பவரின் குரலைக் கேட்டுக் கற்றுக்கொண்ட கருவியை நம்பி, அந்தக் குரலையே அடைத்துவிடுகிறவர்கள், ஆபத்து வாசலுக்கு வந்த பிறகும் வெறும் குடுக்கையிடம்தான் வழி கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.