முபாரக்கின் சேனல்

"பதினேழு வருஷம் ரோஸ்லின். ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போயிட்டான்."

ரோஸ்லினின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சீலன் ஆரம்பித்துவிட்டான்.

ரோஸ்லின் ரெக்கார்டிங் என்ஜினியர். சீலனைவிடப் பதினோரு வயது சின்னவள். ஆனாலும் குரு யார் என்று எவர் கேட்டாலும் அவள் பெயரைத்தான் சொல்லுவான். பாடக் கற்றது எங்கெங்கேயோ, கேட்கக் கற்றது இவளிடம் என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறான். சொல்வதற்கென்ன, சொல்லலாம்.

"உட்காருங்கண்ணா."

உட்காரவில்லை.

'வெயில் டிக்கெட்' அவனுடைய மூன்றாவது ராக் ஆல்பம். எழுதியது, மெட்டுப்போட்டது, பாடியது எல்லாம் அவனே; பதிவு செய்தது ரோஸ்லின். மூன்று வருஷ உழைப்பு. வந்த இரண்டே வாரத்தில் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'பாடகர் தன் பாட்டுக்குப் பாடுகிறார், பின்னால் யாரோ வாசிக்கிறார்கள், இவர்களுக்குள் அறிமுகமே இல்லை போலிருக்கிறது' என்று ஒருவர் எழுதினார்.

அந்த எரிச்சலில் சீலன் ஒரு பேட்டியில், டிரம்ஸ்தான் காலை வாரிவிட்டது என்று சொல்லிவைத்தான்.

டிரம்ஸ் வாசித்தது முபாரக்.

மறுநாளே முபாரக் குழுவை விட்டு விலகினான். போனை எடுப்பதில்லை. வருகிற சனிக்கிழமை கச்சேரி. அவன் இல்லாமல் சீலன் ஒரு மேடையும் ஏறியதில்லை.

"பேட்டியில நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"கோவத்துல சொன்னேன். அதுக்காக? மனசுல ஏதாவது இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? கமுக்கமா இருந்து கழுத்தறுத்துட்டான்."

ரோஸ்லின் அவனையே பார்த்தாள்.

"உங்ககிட்ட எதுவுமே சொல்லலையா?"

"சத்தியமா இல்ல."

"ரெக்கார்டிங் அப்போ ஹெட்போன்ல முபாரக் அண்ணனை எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

சீலனுக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன கேட்கிறேன், இவள் என்ன கேட்கிறாள். அந்த ஸ்டூடியோவில் பாடுகிற அறை தனி, டிரம்ஸ் அறை தனி. ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுத்துவிடுவார்கள். யார் சத்தம் தன் காதுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவரவரே திருகிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஜீரோ. தாளத்துக்கு டிக் டிக்னு ஒண்ணு ஓடுதில்ல, அது போதும் எனக்கு. டிரம்ஸ் வந்தா என் குரலே எனக்குக் கேக்காது."

"சுத்தமா ஜீரோவா?"

"ஆமா. ஏன்?"

அவள் முகம் மாறிப்போனது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஆறாவது பாட்டைத் திறந்தாள். மூன்றாவது முறை வாசித்த டேக். சீலனின் குரலை நிறுத்தினாள், கிடாரை நிறுத்தினாள். டிரம்ஸ் அறை மைக்கில் பதிந்த சேனலை மட்டும் விட்டாள்.

கடைசி அடி விழுந்து அடங்கியது. குச்சியைக் கீழே வைக்கும் சத்தம்.

"சீலா." முபாரக்கின் குரல். "வலது கை மரத்துப்போகுதுடா. மூணு மாசமா இப்படித்தான். வாசிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். வீட்டுல இன்னும் சொல்லல, உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். இந்த ஆல்பத்தை எப்படியாவது முடிச்சுக் குடுத்துடறேன். மீதி நாலு பாட்டையும் கொஞ்சம் மெதுவா வெச்சுக்கலாமா?"

பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

ரோஸ்லின் சீலனின் சேனலையும் ஏற்றினாள்.

"சூப்பர்," என்றது அவன் குரல், கணீரென்று. "இன்னொரு டேக் போலாம். இன்னும் வேகமா."

கொஞ்சம் பொறுத்து முபாரக், "சரிடா," என்றான். குச்சியை எடுத்தான்.

ரோஸ்லின் நிறுத்தினாள்.

சீலன் அவள் பக்கம் திரும்பினான். "நீ இதை அப்பவே கேட்டியா?"

"கேட்டேன். நீங்களும் கேட்டுட்டுதான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாள் உங்க மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல எனக்கு."

"எனக்குக் கேக்கவே இல்ல ரோஸ்லின்."

"இப்பதாண்ணா தெரியுது. நீங்க கேக்கலைன்னு அவருக்கு இன்னும் தெரியாது."

சீலன் போனை எடுத்தான்.

"வாய்ஸ் நோட் அனுப்பறேன். உன்னை ஜீரோல வெச்சிருந்தேன், அதான் கேக்கலன்னு சொல்லிடறேன். உள்ளது அதானே?"

"அதுதான்."

"புரிஞ்சுக்குவான்ல?"

"எப்போலேருந்து ஜீரோன்னு கேப்பாரு."



பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் ஆல்பத்தின் முதல் நாள், அந்தப் பெட்டி கைக்கு வந்ததும் சீலன் முதலில் ஜீரோவுக்குத் திருகியது முபாரக்கைத்தான்.