பந்துக்கு மார்க் கிடையாது!

ஒரு மலைக்காட்டுக் கல்லூரியில் பூவரசி என்ற அழுங்கு படித்துக்கொண்டிருந்தாள். அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில். சாப்பாடு எறும்பு. தாங்க முடியாமல் போனால் பந்தாகச் சுருண்டுவிடும். பூவரசி எடுத்த பாடமும் எறும்புதான். புற்றை ஒரு தடவை முகர்ந்தால் போதும், ராணி எந்த அறையில் படுத்திருக்கிறாள் என்றே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்!

தேர்வு நடக்கும் லட்சணம் அப்படி. மாணவர் திடல் நடுவில் நிற்க வேண்டும். கல்லூரியே சுற்றி நின்று ஊளையிடும், உறுமும், கனைக்கும். பேராசிரியர் கொம்பையா ஒரு காட்டெருமை. மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பார். அவர் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அது முடியும்வரை மரங்கொத்தி ஒன்று டொக் டொக்கென்று நேரம் தட்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த முறையோ, அவன் நன்றாக இருக்கட்டும்!

ஒவ்வொரு தட்டும் பூவரசியின் மண்டைக்குள் விழும். பதில் தொண்டைவரை வந்திருக்கும். அதற்குள் உடம்பு சுருண்டுவிடும்.

"பந்துக்கு மார்க் கிடையாது!" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா புல் மேயப் போய்விடுவார்.

மூன்றாவது முறையும் தவறினால் கல்லூரியிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். எறும்பைத் தவிர வேறெதுவும் பிடிக்காத பூவரசிக்குக் கதிகலங்கியது.

அவளுடைய தோழி பவுனு ஒரு மைனா. தங்கமான மனசு, ஆனால் வாய்க்குப் பூட்டே இல்லை. முதல் தேர்வில் பவுனு முந்திக்கொண்டு, "ஐயா, அவளுக்குக் காது மந்தம்!" என்றாள். உடனே கொம்பையா கேள்வியை யானையிடம் கொடுத்துப் பிளிறச் சொன்னார். இரண்டாவது தேர்வில், "ஐயா, அவளுக்கு வயிற்றுவலி!" என்றாள். நாலு பேர் பிடித்து வேப்பிலைக் கஷாயம் புகட்டினார்கள். இரண்டு முறையும் பந்து இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தின வாரம், வகுப்புத் தோழன் சடையன் வந்தான். அவன் முள்ளம்பன்றி. நயமாகப் பேசத் தெரியாதவன்.

"ஏய், உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான்.

பூவரசி விழித்தாள். இதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை! யோசித்து யோசித்துச் சொன்னாள். "சத்தம் கூடாது. ஒவ்வொரு கேள்வியா கேட்கணும். நான் தரையைப் பார்த்துப் பேசணும்."

"இவ்வளவுதானா? இதை அந்த எருமைகிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

பூவரசி அவனையே கொம்பையாவாக நினைத்துச் சொல்லிப் பார்த்தாள். "ஐயா, மன்னிச்சுக்கோங்க, தொந்தரவுக்கு..."

"நிறுத்து! யாரை வெட்டினே, மன்னிப்பு கேட்க? என்னைத் தொடாதேன்னு நான் பொறந்ததுலேருந்து சொல்றேன். ஒருத்தனும் தொடுறதில்லை. மறுபடி சொல்லு!"

ஏழு நாள் சொன்னாள். ஆலமரத்திடம் சொன்னாள், பாறையிடம் சொன்னாள், சடையனிடம் திட்டு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

தேர்வு நாள் வந்தது. கூச்சல் கிளம்பியது. டொக், டொக்! பூவரசி சுருண்டுவிட்டாள். செதிலுக்கு வெளியே பவுனுவின் குரல் கேட்டது. "ஐயா, பாவம், அவளுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. சும்மா பாஸ் போட்டுடுங்க!"

பூவரசிக்கு வந்ததே கோபம்! பந்து படாரென்று விரிந்தது.

"என் புத்திக்கு ஒண்ணும் இல்லை! கூட்டம் பேசக் கூடாது. தட்டுறது நிக்கணும். கேள்வி ஒண்ணொண்ணா வரணும். நான் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். அப்புறம் எது வேணாலும் கேளுங்க!"

 தரையைப் பார்த்தபடியே கடைசிவரை சொல்லி முடித்தாள்.

"இது நம்ம கல்லூரி மரபு!" என்று கொம்பையா உறுமினார்.

"தட்டினா எறும்பைப் பத்தி யாருக்காவது கூடுதலா தெரியுமா, ஐயா?"

 மரத்தின் மேலிருந்து மரங்கொத்தி, "எனக்கும் தலைவலிதான், ஐயா. இத்தனை வருஷமா சொல்லத்தான் பயம்," என்றது. முயல்கள் இரண்டு, "எங்களுக்கும்!" என்றன.

வேறு வழியில்லாமல் கொம்பையா கூட்டத்தை அடக்கினார். திடல் அமைதியானது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் திடலில் எத்தனை வகை எறும்பு?"

பூவரசி தரையைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "பதினொண்ணு, ஐயா. பன்னிரண்டாவது வகை இப்போ உங்க பின்னங்காலில் ஏறிட்டிருக்கு. கட்டெறும்பு. கடிச்சா மூணு நாள் வீங்கும்."

"அம்மா!" என்று கொம்பையா குதித்த குதியில் கல்லூரியே சிரித்தது. காலை உதறி முடித்ததும் அவர் முதல் வேலையாக, "பாஸ்!" என்றார்.

பவுனு பறந்து வந்தாள். "உன் நல்லதுக்குத்தாண்டி சொன்னேன்!"

"தெரியும்டி. இனிமே என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லு," என்றாள் பூவரசி.

நமக்கு என்ன தேவை என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆகவே அதை நாமே, கூனிக் குறுகாமல், தெளிவாகக் கேட்கப் பழக வேண்டும்.